மூன்றாவது வளைவு

அன்பு மகனுக்கு,

நீ வெளிநாடு போய் இறங்கிய செய்தி வந்த நாளிலிருந்து உனக்குக் கடிதம் எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் "இங்கே எல்லாம் வழமைபோல" என்ற வரி வரைக்கும் நன்றாகப் போகும். அதற்கு மேல் பேனா நகராது. ஏனென்றால் இங்கே வழமைபோல இல்லை. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதில் கவலைப்படாதே. ஐப்பசி மழை கொட்டியது. நீ வெட்டிய சைக்கிள் பாதை மழையோடு போய்விட்டது. பாக்கியம் அக்கா இடியப்பம் அவிக்கிற குசினியும் அதோடு போய்விட்டது. இரண்டுக்கும் காரணம் மழை என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். மழை பதில் சொல்ல வராதல்லவா.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டி அனுப்பினாலும் வழியில் யாராவது உடைத்து வாசித்துவிட்டுத்தான் உன்னிடம் விடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் வாசிக்கப்போகிறார்கள் என்றால், பாதையில் ஏறி இறங்கிய எங்கள் ஆட்கள் ஏன் வாசிக்கக்கூடாது? ஆகவே தபாலில் போடுமுன் தண்ணீர்த் தாங்கியடியில் எல்லோரையும் இருத்தி வாசித்துக் காட்டப்போகிறேன். அவர்களுக்குத் தெரிந்ததும் உனக்குத் தெரிந்ததும் இதில் கலந்து வரும், பொறுத்துக்கொள். சாதாரண தரப் பரீட்சையை மூன்றாம் தடவையில் தாண்டியவன் எழுதுகிற கடிதம் கொஞ்சம் சுற்றித்தான் வரும். சுற்றி வருவது கெட்டதில்லை என்று இப்போதுதான் படித்திருக்கிறேன்.

நீயும் உன் கூட்டாளிகளும் அந்தப் பாதையை முதலில் வெட்டியபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "சைக்கிளில் ஏறி மலையிலிருந்து விழுகிறதுக்கு ஒரு பாதை வேணுமோ, சும்மாவே விழலாமே" என்றேன். உங்களுக்கு விளையாட மைதானம் இல்லை, அங்கே ஆமி முகாம். கடற்கரையில் பாதிக்கு முட்கம்பி. பொழுதுபட்டால் ஊரடங்கு. அதனால் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களில் ஓர்ஸ் ஹில் என்றும் எங்கள் வாயில் உவர்மலை என்றும் வருகிற இந்த மேட்டில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் உள்துறைமுகப் பக்கம் இறங்குகிற சரிவைப் பிடித்துக்கொண்டீர்கள். கொழும்பிலிருந்து வந்த தடித்த ரயர் மவுண்டன் சைக்கிள் ஒன்று, அதை மாறி மாறி ஓட ஏழெட்டுப் பேர். ஊருக்குள் திரிகிற மான்கள் சரிவில் ஏறி இறங்கிய தடத்தைப் பார்த்துப் பார்த்து நீ பாதையைத் திருப்பினாய். மூன்று வளைவு. ஒவ்வொரு வளைவின் வெளிவிளிம்பிலும் கல் அடுக்கினாய். பாதையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து வெட்டினாய். ஏன் கோணலாக வெட்டுகிறாய் என்று நான் சிரித்தபோது, "தண்ணி பாதையில நிக்காம விளிம்பால போகட்டும் அப்பா" என்றாய். நான் அதையும் ஒரு பகிடியாகத்தான் எடுத்தேன்.

ஒரு வருசத்துக்குள் அது உங்கள் விளையாட்டுப் பாதையாக இருக்கவில்லை. பிரதான றோட்டில் சோதனைச்சாவடி வைத்து, சைக்கிளை விட்டு இறங்கி வரிசையில் நின்று உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஆனபிறகு ஊரே உங்கள் வளைவுகளில் திரும்பப் பழகியது. சரிவின் அடியில் வீடு வைத்திருக்கிற பாக்கியம் அக்கா விடியப்புறம் இடியப்பம் அவித்து, கூடையைக் கரியரில் கட்டி, பாதையால் உருட்டிக்கொண்டு மேலே வந்து வீடுகளுக்குக் கொடுப்பார். ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள், ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள், எல்லோரும் அந்தப் பாதைதான். கீழிறங்கினால் அங்கேயும் ஒரு சென்ரிக் காவல் இருந்தது, ஆனால் வரிசை இல்லை. அக்காவுக்கு அது பெரிய விசயம். இடியப்பம் ஆறினால் யார் வாங்குவார்கள்?

பிறகு கீழ்முகாமிலிருந்து பாதையைக் கம்பி அடித்து மூடப்போவதாகக் கதை வந்தது. நீ மனு எழுதினாய். அதைக் கொண்டு நான் கந்தோர் கந்தோராக ஏறினேன். ஒரு கந்தோர் காணி தங்களுடையதில்லை என்றது, அடுத்ததும் அதையே சொன்னது. அந்த மலையை அதுவரை ஒருவரும் சொந்தம் கொண்டாடாததில் எனக்கு மலை மேல் ஒரு இரக்கமே வந்துவிட்டது. குழு என்று ஒன்று இருந்தால்தான் முகாமில் கதைக்கலாம் என்று கிராம சேவகர் சொல்ல, பாதைப் பராமரிப்புக் குழு பிறந்தது. சைக்கிளில் வளைவு திரும்பத் தெரியாத ஒரே ஆளான என்னைத் தலைவராக்கினார்கள். காரணம் உனக்குத் தெரியும். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்த காலத்தில் நான் பொறுக்கிய சிங்களம், மற்றது என்னுடைய நீளக்கை வெள்ளைச் சேட்டு.

இனி உனக்குத் தெரியாத பகுதிக்கு வருகிறேன். இதை எழுதவேண்டி வரும் என்றுதான் மற்றக் கடிதங்கள் கிழிந்தன.

முகாமுக்குள் நான் தனியாகத்தான் போனேன். அதிகாரி உன்னை விட இரண்டு மூன்று வயது மூப்பாக இருப்பான், அவ்வளவுதான். கதிரை தந்தான். பிளேன்ரீ தந்தான். நான் கதிரையின் நுனியில் இருந்தேன், விழாமல் இருந்தது என் திறமை. அவன் சொன்னது இதுதான்: பாதையின் அடிப்பகுதியில் பற்றை மண்டிக் கிடக்கிறது, வருகிறது யார் என்று சென்ரியில் நிற்கிற ஆளுக்குத் தெரியவில்லை, அந்தப் பற்றையை மட்டும் வெட்டிவிட்டால் பாதை இருக்கட்டும். அவ்வளவுதான், மகன். நான் சிங்களத்தில் ஒரு சரி, "ஹரி சேர்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் தேத்தண்ணி பாதி மிச்சம் இருந்தது. அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு கோப்பை முடியும்வரை சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. "சேர், பற்றை மட்டுமில்லை, பாதையையே நேராக்கித் தாறம் சேர். கீழே நிண்டா மேல்வரைக்கும் தெரியும்" என்றேன். அவனுக்கு என்ன வந்தது, நல்லது என்றான். அதோடும் நான் நிற்கவில்லை. வளைவில் அடுக்கிய கல்லெல்லாம் இனிச் சும்மா கிடக்கும், உங்கள் கேற்றடியில் அடுக்கினால் வடிவாக இருக்கும் என்றும் சொன்னேன். அதற்கும் நல்லது என்றான். வெளியே வரும்போது என் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. பாதையைக் காப்பாற்றிவிட்டேன் என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சொன்னது வேறு. "நேராக்கினால்தான் விடுவினமாம், இல்லாட்டில் கம்பிதான்" என்றேன். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த நீ நிமிர்ந்தாய்.

"அப்பா, நேர இறக்கினா மழைத்தண்ணியும் நேர இறங்கும். சைக்கிளுக்குப் பிரேக் இருக்கு. தண்ணிக்கு இல்லை."

"அவை சொன்னா வெட்டத்தானே வேணும்."

"நான் போய்க் கதைக்கிறன். படம் கீறிக் காட்டுறன். வளைவு இருந்தாலும் பற்றையை வெட்டினாத் தெரியும்தானே."

"நீ போகேலாது."

"ஏன்?"

"நீ போகேலாது எண்டா போகேலாது."

நீ கீறிக் காட்ட இருந்ததுதான் அந்த அதிகாரி முதலிலேயே கேட்டது. அது எனக்குத் தெரிந்துகொண்டே உன்னை மறித்தேன். பாதி வெட்கத்தில் மறித்தேன், நான் சொன்ன பொய் வெளியில் வந்துவிடும் என்று. மற்றப் பாதி பயம். உன் வயதுப் பிள்ளைகள் அந்தக் கேற்றால் போய்த் திரும்பி வராத கதை ஊரில் எத்தனை என்று நீயும் அறிவாய். அந்தப் பாதிக்கு மட்டும் நான் வெட்கப்படவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் உன்னை அந்தக் கேற்றால் உள்ளே விடமாட்டேன்.

நான் இப்படித்தான் என்று அம்மா சொல்லுவா. நான் வேலையில் சேர்ந்த புதிதில் களஞ்சியத்துக்கு ஒரு புது ஐயா வந்தார். வந்த மனிதர் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தார். நான் எழும்பி என் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய அறையில் வைத்தேன். அவர் கேட்கவில்லை, அவருக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதன்பிறகு கனகாலம் நான் ஒரு சாமான் பெட்டியில் குந்தியிருந்து எழுதினேன், கேட்டவர்களுக்கு இடுப்புக்கு நல்லது என்று சொன்னேன். உன் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைந்த கதையும் அதுதான். அதிபர் என்னைக் கூப்பிட்டு "உங்கட மகன்" என்று தொடங்கினார். அடுத்த சொல்லுக்கு நான் விடவில்லை, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர், புதுக் கண்ணாடி போட்டுத் தாறன்" என்றேன். உடைத்தவனைக் காட்டிக்கொடுக்காமல் நின்ற பிள்ளை என்று உன்னைப் புகழத்தான் அவர் கூப்பிட்டிருந்தார். நீ அறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம். கோபம் இல்லை அதில். கோபம் என்றால் சமாளித்திருப்பேன்.

ஊர் கூடிப் பாதையை நேராக்கிய சிரமதானத்துக்கு நீ வரவில்லை. உன் கூட்டாளிகள் வந்தார்கள், எனக்காக வந்தார்கள். அலவாங்கு போட்டு நீ அடுக்கிய கல்லை நெம்பி எடுத்தபோது ஒருவன் என்னைப் பார்க்காமலே, "அங்கிள், இது நல்லா இறுகிப் போச்சு, எடுக்கத்தான் வேணுமோ?" என்று கேட்டான். "எடு, எடு" என்றேன். கல்லெல்லாம் முகாம் கேற்றுக்குப் போனது. அவர்கள் அதற்கு வெள்ளை அடித்து வரிசையாக வைத்தார்கள். பாதையும் மேலிருந்து கீழே கயிறு பிடித்ததுபோல நேராக இருந்தது. ஆட்கள் பாராட்டினார்கள். வெளிநாடு போக நீ பஸ் ஏறின அன்றைக்கு, பெட்டியை மேலே கொடுத்துவிட்டுத் திரும்பி, "மாரி மழைக்கு முதல் குறுக்கால ஒரு வாய்க்காலாவது வெட்டிவிடுங்கோ அப்பா" என்றாய். உன் பிரயாணத்தைப் பற்றி ஏதாவது சொல்லுவாய் என்று காத்திருந்தேன். நீ பாதையைப் பற்றிச் சொன்னாய். நான் "ஓம் ஓம்" என்றேன். வெட்டவில்லை. அவ்வளவு வடிவான நேர்ப் பாதையில் குறுக்கே கொத்த எனக்கு மனம் வரவில்லை.

மழை ஒரே மூச்சாகப் பெய்தது. இரண்டாம் நாள் காலையில் பாதையைப் பார்க்கப் போனேன். பாதை இல்லை, என் இடுப்பளவு ஆழத்தில் ஒரு ஓடை இருந்தது. சிவந்த தண்ணி. அது போன திசையைப் பார்த்தபோதுதான் விளங்கியது, நான் கயிறு பிடித்த இடத்தின் மற்ற நுனியில் இருந்தது பாக்கியம் அக்காவின் குசினி. சுற்றி இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். அடுப்பு மண்ணுக்குள். இடியப்பத் தட்டெல்லாம் வளவில் மிதந்து வேலியில் போய்ச் சிக்கியிருந்தன. அக்கா முழங்கால் சேற்றில் நின்று இடியப்பம் பிழிகிற உரலை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தலைவர்," என்றார். அக்கா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறவர். "உங்கட பாதை வீட்டுக்குள்ளயே வந்திட்டுது. இனி நான் மேல ஏறத் தேவையில்லை."

மழை விட்டபிறகு மண்மூட்டை அடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மற்றவர், மண்மூட்டை அடுக்கினால் பங்கர் கட்டுகிறோம் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார். ஊரில் மண்மூட்டைக்குப் பஞ்சமில்லை, எங்களுக்குத்தான் உதவாது. வளைவுகளைத் திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மார்கழி மழை இதைவிடப் பெரிதாக வரும், இந்த முறை அக்காவின் வீடே போய்விடும். மறுபடி முகாமில் கேட்கவேண்டும். அக்கா தானும் வருவேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "என்ர குசினி, நான் வாறன்" என்றார்.

அதே அதிகாரிதான். கதிரை இரண்டு தந்தான். இடையில் தமிழ் படித்திருக்கிறான், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினான். நான் வளைவு என்று தொடங்கினேன். அவன் என்னை யோசனையாகப் பார்த்து, "ஐயா, நான் பற்றை வெட்டச் சொன்னேன். நேர் பாதை, நீங்கள் சொன்னது. நல்லது என்று நினைச்சேன்" என்றான். பிழை பிடிக்கிற குரல் இல்லை அது. தன் தமிழ் சரியா என்று பார்க்கிற குரல். அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மகன், எனக்கு அந்த நிலத்தில் ஒரு பங்கர் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

வளைவு வைக்கலாம், ஆனால் கீழே பற்றை வளரக்கூடாது என்றான். என் வாய் தானாகத் திறந்தது. "ஹரி சேர், பற்றை மட்டுமில்லை, நாங்கள்..." அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நல்ல சேற்றுக் காலால், உரமாக. வாயை மூடினேன். தேத்தண்ணி மிச்சம் இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். எழும்பும்போது வாசலில் வெள்ளைக் கல் வரிசை கண்ணில் பட்டது. அந்த முகாமில் இதுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை, கொடுத்துத்தான் பழக்கம். "சேர், அந்தக் கல்லு எங்கட மகன் அடுக்கினது. திருப்பி வேணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருந்தது. அவன் கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வெள்ளை அடித்தது நாங்கள்" என்றான். பிறகு சிரித்து, கொண்டுபோங்கள் என்றான்.

வெளியே வந்து அக்கா விறுவிறென்று முன்னால் நடந்தார். வைத்தியசாலைச் சந்தி தாண்டித்தான் நின்றார். "தம்பி, அவன் ஒரு பற்றையைக் கேட்டிருக்கிறான். நீ மலையைக் குடுத்திட்டு வந்திருக்கிறாய்."

"ஓம் அக்கா."

"உன்ர பெடியன் கெஞ்சினவன். அவனிட்டயும் பொய்."

"ஓம் அக்கா."

"ஓம் அக்கா, ஓம் அக்கா. எனக்கும் ஹரி சேரோ?"

அன்றைக்குப் பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது எனக்கு ஊரில் பெயர் ஹரி சேர். கடைக்குப் போனால், "ஹரி சேருக்குச் சீனி அரைக் கிலோ. கேட்காட்டிலும் ஒரு கிலோ வாங்குவார்" என்கிறார்கள். அம்மா கோபப்பட்டா. அடுத்த நாள், "இஞ்சேருங்கோ, இதைப் பிள்ளைக்கு நீங்களாக எழுதாட்டில் நான் எழுதுவன்" என்றா. உன் கையெழுத்தில் வந்த கடிதத்தை என் முன்னால் வைத்தா. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் மண்வெட்டியோடு கூடி, காட்டுக்குள் சைக்கிள் பாதைக்கு வேலை செய்கிறார்கள், நீயும் போகத் தொடங்கிவிட்டாய், நகரசபைக் கூட்டத்தில் எழும்பிக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம். நீ அங்கேயும் பாதைதான் வெட்டுகிறாய். அதை வாசித்தபோது எனக்கு வந்த வெட்கம், ஊர் சிரித்தபோது வரவில்லை.

அப்பன் பிள்ளைக்குப் புத்தி சொல்லவேண்டிய வயதில் நீ இருக்கிறாய், நானும் அந்த வயதில் இருக்கிறேன். சொல்லுகிற தகுதிதான் இல்லை. இருந்தாலும் ஒன்று. புது நாட்டில், புது வேலையில், உனக்கு மேலே இருக்கிறவன் ஒரு மணித்தியாலம் கூட நிற்பாயா என்று கேட்டால், முடிந்தால் நில். ஞாயிற்றுக்கிழமையும் வாறேன் என்று நீயாகச் சொல்லாதே. அந்த நகரசபைக் கூட்டத்தில் யாராவது பேசாமல் உன்னைப் பார்த்தால், நீயும் பேசாமல் இரு. தேத்தண்ணி ஆறட்டும். பேசாமல் இருப்பதற்கு நான் பயந்த அளவு, ஆமியின் துவக்குக்குக்கூடப் பயந்ததில்லை. உன்னிடம் அந்த நோய் இல்லை என்றுதான் நினைக்கிறேன், அம்மா பக்கம் நீ. ஆனாலும் என் இரத்தமும் கொஞ்சம் ஓடும், கவனம்.

வேலை நடக்கிறது. ஊரடங்குக்கு முன் கிடைக்கிற நேரத்தில் எல்லோரும் வருகிறார்கள். சாக்கில் போட்டுக் கரியரில் கட்டிக் கல்லெல்லாம் கொண்டுவந்துவிட்டோம், கடைசிச் சாக்கைச் சென்ரியில் நின்ற பெடியனே தூக்கி வைத்தான். முதல் வளைவு இருந்த இடம், நீ வெட்டிய பழைய விளிம்பு பற்றைக்குள் தப்பியிருந்ததால் கிடைத்தது. இரண்டாவது, கல் இருந்த குழியால் கிடைத்தது. இந்த முறை வெளிப்பக்கம் சாய்த்துத்தான் வெட்டுகிறேன், கோணல் என்று ஒருவரும் சிரிக்கவில்லை. அக்காவின் அடுப்பை நானே கட்டிக் கொடுத்தேன். அது புகைக்கிறது. அவர் குறை சொல்லிக்கொண்டே அவிக்கிறார். விடியப்புறம் ஏறும்போது வெள்ளைக் கல் இருட்டிலும் தெரிகிறதாம். "நீ செய்ததில உருப்படியானது அதுதான். அதுகும் அவன் அடிச்ச வெள்ளை" என்றார்.

மூன்றாவது வளைவுதான் சிக்கல். ஓடை அந்த இடத்தை முழுக்கத் தின்றுவிட்டது. உன் கூட்டாளிகளில் பாதிப் பேர் அங்கே நிற்கிற பாலை மரத்துக்கு மேலே திரும்பியது என்கிறார்கள், மற்றப் பாதி கீழே என்கிறார்கள். மேலே திருப்பினால் தண்ணி பள்ளத்துக்குப் போகும் என்கிறான் ஒருவன், இல்லை, அக்கா வீட்டுக்கே போகும் என்கிறான் மற்றவன். சண்டை முற்றியபோது எனக்கு வாய் வந்தது, இரண்டு பக்கமும் வெட்டுவோம் என்று சொல்ல. சொல்லவில்லை. மகனைக் கேட்போம் என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசாமல் இருந்தேன், கனநேரம்.

அதுவரைக்கும் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். நீ பஸ்ஸடியில் சொன்ன வாய்க்கால். சிறு மழைக்குத் தாங்குகிறது, மார்கழிக்குத் தாங்காது. கடிதம் சுணங்கும் என்றால் கொழும்பில் மாமா வீட்டுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்.

எழுதுவதென்றால் முதல் பக்கம் முழுக்க என்னைத் திட்டு. அதை நான் தாங்கியடியில் வைத்து எல்லோருக்கும் வாசிப்பேன், ஒரு சொல்லும் விடமாட்டேன். இரண்டாம் பக்கத்தில் படத்தைக் கீறு. பாலை மரத்துக்கு மேலேயா, கீழேயா? கல்லைக் குவித்து வைத்துவிட்டு நிற்கிறோம்.

அப்பா